வெளிச்சம் புகாத பின்னல்

கை டாக்டர் என் வலது மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆறு வாரத்துக்குப் பின்னல் ஊசியைத் தொடக் கூடாது என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குளிர்காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மகள் மாதக் கடைசியில் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறாள். அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, ஒரு கை எல்லாம் முடிந்து, இன்னொரு கைதான் பாக்கி. இதையெல்லாம் டாக்டரிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒன்றுமே கேட்காதவர் மாதிரி ஒரு பட்டையை எடுத்து என் மணிக்கட்டில் சுற்றி இறுக்கினார். மீறினால் கத்தி வைக்க வேண்டிவரும் என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். பழுதான எதையும் ஓடவிடக் கூடாது என்பது அவருடைய கட்சி. டாக்டர் சொல்வது சரிதான் என்று சொல்லிவிட்டு, என் ஊசிகளை ஒரு துணிப்பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். என்னமோ சின்னக் குழந்தைக்கு எட்டாமல் மிட்டாய் டப்பாவை வைக்கிற மாதிரி. எனக்கு எட்டும் என்று அவருக்கும் தெரியும். எட்டும் என்று தெரிந்தும் வைத்ததில்தான் எனக்குக் கோபம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கை சும்மா இருக்காது. சலவைக் கடையில் வேலை. துணியை வாங்கி, கறையைப் பார்த்து, சீட்டுக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். குளிர்காலம் வந்தால் ஸ்வெட்டராக வந்து குவியும். முழங்கை தேய்ந்தது, கழுத்து இளகித் தொங்குவது, முன்பக்கம் பூராவும் நூல் முடிச்சு முடிச்சாகத் திரண்டு கிடப்பது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கும்போது, துணியை மதிக்கத் தெரியாத ஜனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். சில சமயம் வாய்விட்டும் திட்டியிருக்கிறேன். முதலாளி கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்.

எங்கள் வீட்டு அலமாரி அப்படி இல்லை. நான் முடித்தவை எல்லாம் அதில் அடுக்காக இருக்கும். கணவரின் கறுப்பு ஸ்வெட்டர், கடுகு நிற மப்ளர், இரண்டு தொப்பி, கையுறைகள், மகளுக்குப் போன குளிருக்குப் போட்ட பச்சை ஸ்வெட்டர். எப்போதோ போட்டதும் நேற்று ஊசியிலிருந்து இறங்கிய மாதிரி இருக்கும். ஒரு பிசிறு கிடையாது, ஒரு தொய்வு கிடையாது. ஒன்றை முடித்தவுடன் அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் பிரித்துவிடுவேன். என் பின்னலில் வெளிச்சம் புகாது என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அரைகுறையாக இருப்பதை யார் மேலும் வைத்துப் பார்க்க மாட்டேன். பழைய ஸ்வெட்டரை மேஜையில் விரித்து, அந்த அளவுக்குப் புதியதைப் போடுவேன். எல்லாம் முடிந்து, தைத்து, அலசிக் காயவைத்து, பிறகுதான் உரியவரைக் கூப்பிட்டு மாட்டிவிடுவேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையே என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் குளிருக்கு என்னென்ன சுகம் உண்டோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் சுகமாக இருந்தது, கை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் கிடந்து துடித்தது. ஆரஞ்சு உரித்தேன். ஒன்று, இரண்டு என்று போய் ஒரு கூடையையே உரித்துவிட்டேன். தோலை ஹீட்டர் மேல் பரப்பியதில் வீடெல்லாம் வாசனை. இத்தனை ஆரஞ்சை யார் சாப்பிடுவது என்று கணவர் கேட்டார். நீங்கள்தான் என்றேன். பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் வரிசை வரிசையாகக் கோடு போட்டேன். பார்த்தால் அது பின்னல் மாதிரியே இருந்தது. எரிச்சலில் உள்ளங்கையால் அழித்தேன்.

காலை வெயில் பால்கனியில் கொஞ்ச நேரம்தான் விழும். அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு, சூடான டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பிடித்த விஷயம். இப்போது உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் துண்டுகளை மடித்தேன். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். இத்தனை வருஷமாக இந்தச் சுகமெல்லாம் தனித்தனியாக இருப்பவை என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஊசிதான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். சின்ன வயசில் ஓரிடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர், வளர்ந்தும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மலைமேல் இருக்கிற ஊர். இங்கே அடிப்பது குளிரே இல்லை என்று அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்களாம். ஏரிக்கரையில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டுமாம். என்னால் அவளோடு போய் இருக்க முடியாது. ஒரு ஸ்வெட்டராவது போகட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அதுவும் ஒற்றைக் கையோடு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னவளிடம் கொடுக்கலாமே என்று கணவர் ஒரு நாள் மெல்லச் சொன்னார். சின்னவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இரண்டு தெரு தள்ளி, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் வீடு. ரொட்டி பேக்கரியில் பேக்கிங் வேலை. அவளும் பின்னுவாள். பின்னுவாள் என்றா சொல்வது? டிவி பார்த்துக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே, அடுப்பில் இருப்பதைக் கிளறிக்கொண்டே ஏதோ செய்வாள். நூல் எங்கே போகிறது என்று பார்க்கக்கூட மாட்டாள். அவள் போட்டதைத் தூக்கிப் பிடித்தால் எதிர்வீட்டு ஜன்னலே தெரியும். சல்லடை என்று நான்தான் பெயர் வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தது எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர், அவள் தன் புருஷனுக்காகப் போட்டது, எப்படியோ என் கணவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. பைகள் தொங்கி, விளிம்பு அலை அலையாகி, முழங்கையில் இரண்டு ஒட்டுப் போட்டு, பார்க்கவே சகிக்காது. வேலைக்கும் அதுதான், தூங்கவும் அதுதான். நான் போட்ட கறுப்பை ஏன் போடுவதில்லை என்று கேட்டால், நல்லதை வீணாக்குவானேன் என்பார். அந்தப் பதிலில் நான் உச்சி குளிர்ந்து போவேன்.

அதனால் சின்னவள் என்றதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதற்கு வாலு ஒற்றைக் கையோடேயே போகட்டும் என்றேன். பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்த வாலு நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி போடட்டும்மா. எனக்கு அங்க குளிரும்."

மீதி நூலை அவளே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் சாயங்காலமானால் சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். கிளம்புவதற்குள் எல்லாரோடும் இருந்துவிட வேண்டும் என்றாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. இருக்கிற கொஞ்ச நாளில் அம்மாவோடு இருக்கத் தோன்றவில்லையா என்று கணவரிடம் கேட்டேன். நீ உட்கார்ந்தால்தானே அவள் உட்காருவாள் என்றார் அவர்.

நாலைந்து நாளில் சின்னவள் கையை முடித்துக் கொண்டுவந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். சட்டையில் ரொட்டி வாசனை. செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜையில் வைத்து, உடம்போடு சேர்த்துத் தைப்பதை நீங்களே செய்துவிடுகிறீர்களா அக்கா, இல்லை அதையும் நானே செய்யட்டுமா என்று கேட்டாள். தையல் ஊசி பரவாயில்லை, இடது கையால் மெதுவாகச் செய்துகொள்கிறேன் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். சொல்லும்போது என் பல் கடிபட்டிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் அந்தக் கையை எடுத்து லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் தெரிந்தது. மேஜையில் விரித்து, நான் போட்ட கையைப் பக்கத்தில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தேன். இரண்டு விரல் அகலம் அதிகம். நீளமும் கூட. என்னுடையது சட்டம் போட்ட மாதிரி நிற்கிறது, அவளுடையது மேஜையில் ஊற்றி வைத்த மாதிரி கிடக்கிறது. ஒரே நூல், ஒரே கண்ணிக் கணக்கு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அதை மடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் கடையில் சீட்டுக் குத்தும்போதெல்லாம் அதே நினைப்பு. புது ஊர், புது மனிதர்கள். ஒரு கை ஒரு விதம், இன்னொரு கை ஒரு விதமாக என் மகள் போய் நிற்பாள். யார் போட்டது என்று கேட்பார்கள். அம்மா போட்டது என்பாள். இந்தக் கோணல் எனக்குத் தெரிந்து என் பெயரில் போகப்போகிறது. வாடிக்கையாளர் ஒருவர் தன் கோட்டை வாங்க வந்தபோது வேறு யாருடைய போர்வையையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கடுத்து எனக்கு விடுமுறை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். வாலு பயணத்துக்குச் செருப்பு வாங்கக் கிளம்பினாள். வீட்டில் நான் மட்டும். வெயில் பால்கனிக்கு வந்து போயிற்று. டீ போட்டேன், குடிக்கவில்லை. ஹீட்டரைக் கூட்டினேன், குறைத்தேன். அலமாரியைத் திறந்து மூடினேன். மறுபடி திறந்து அந்தக் கையை எடுத்தேன்.

கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தேன். மளமளவென்று வந்தது. ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று கண்ணிகள் ஓடி ஓடிக் காணாமல் போயின. டாக்டர் பட்டையை மாட்டிய நாளிலிருந்து என் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த படபடப்பு அந்தக் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. நாலைந்து நாள் வேலை ஒரு டீ ஆறுவதற்குள் என் மடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

பட்டையைக் கழற்றினேன். முக்காலி போட்டு ஏறி ஊசிப் பையை இறக்கினேன். நூலை ஊசியில் ஏற்றினேன். முதல் வரிசை போனது. இரண்டாவதும் போனது. இவ்வளவுதானா, டாக்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மூன்றாவது வரிசையின் நடுவில் கட்டைவிரல் மரத்தது. விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரைக்கும் ஒரு வலி பளீரென்று ஓடியது. ஊசி என் கையிலிருந்து விழுந்தது எனக்கே தெரியவில்லை, தரையில் உருண்ட சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. குனிந்து எடுத்தேன். விரல் பிடிக்கவில்லை. மறுபடி எடுத்தேன். பிடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பஸ்.

அன்றைக்கு ராத்திரி நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பட்டையை மாட்டிக்கொண்டு, நூலைத் தலையணை உறைக்குள் திணித்து வைத்தேன். கை எங்கே என்று வாலு கேட்டதற்கு அலசிப் போட்டிருக்கிறேன் என்றேன். விடிந்ததும் ஒரு வழி கண்டுபிடித்துவிடலாம் என்று படுத்தேன். ஒரு வழியும் வரவில்லை.

மத்தியானம் பெட்டியெல்லாம் கட்டி முடித்த பிறகு வாலு நாற்காலி முதுகிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். அரைகுறையாக இருப்பதை மாட்டாதே என்று நான் சொல்வதற்குள் தலையை நுழைத்துவிட்டாள். உடம்பு சரியாக இருந்தது. கைவலி வருவதற்கு முன்னால் போட்டது அது; கையை மட்டும் வலியோடு இறுக்கி இறுக்கிப் போட்டிருந்தேன். பிறகு என்னுடைய அந்தக் கைக்குள் தன் கையை விட்டாள்.

முழங்கை தாண்டவில்லை.

நான் இழுத்துவிட்டேன். அவள் உள்ளேயிருந்து தள்ளினாள். கணவர் வந்து பிடித்தார். கொஞ்சம் ஏறி, முன்னங்கையில் மாட்டிக்கொண்டு நின்றது. அவளால் முழங்கையை மடக்க முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. கணவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"போன தடவை போட்ட பச்சையோட அளவுதான் இது. அது சரியா இருந்துச்சே" என்றேன்.

"போட்டோ எடுக்க ஒரு தடவை போட்டேன்மா. அதுக்கப்புறம் போடவே இல்ல."

"ஏன்?"

"கையைத் தூக்க முடியாது." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ போட்டது எல்லாமே அப்படித்தான்மா. சித்தி போட்ட கை எங்க? அதுதான் சரியா இருந்துச்சு. தினமும் சாயங்காலம் என் கையில மாட்டி மாட்டிப் பார்த்துத்தானே போட்டாங்க."

நான் அலமாரியைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. கறுப்பு, கடுகு, பச்சை. ஒரு பிசிறு இல்லாமல், ஒரு தொய்வு இல்லாமல். யாரும் போட்டால்தானே தேயும். ஊரார் துணியைப் பார்த்துக் கறை எது, கிழிசல் எது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இது தெரியவில்லை. இரண்டு கையையும் மேஜையில் ஒன்றோடொன்று வைத்து அளந்தேனே தவிர, அதற்குள் போக வேண்டிய கையை நான் அளக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற அளவுக்கு வெட்கமாக இருந்தது.

தலையணை உறையிலிருந்து நூலை எடுத்து மேஜையில் கொட்டினேன். வாலு அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கத்தியிருக்கலாம். எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்வெட்டரை ஒருவழியாக வாலுவிடமிருந்து உருவி எடுத்து, நூலோடு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மப்ளர்கூடச் சுற்றிக்கொள்ளவில்லை. தெருவில் காற்று காதை அறுத்தது. செருப்புக் கடைப் படியில் ஏறினேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் எதையும் கேட்டு அந்தப் படி ஏறியதில்லை.

சின்னவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் பையை அவள் முன்னால் கவிழ்த்தேன். சுருண்ட நூலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பின்னுகிறவளுக்கு அதைப் பார்த்தால் விளக்கம் தேவையில்லை.

"நான்தான் பிரிச்சேன். தளர்வா இருக்குன்னு நினைச்சேன்" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எப்போதும் சிரிக்கிறவள். சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"கால் கடுக்க நின்னுட்டு வந்து உக்காந்து போட்டேன்கா. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம் என்றேன். மன்னிச்சுக்கோ என்ற வார்த்தை கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வந்தது. அவள் எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள்.

புதிதாகக் கை போட நேரமில்லை என்றாள். இருக்கிற கையையும் எடுத்துவிட்டு, தோளில் விளிம்பு கட்டிவிட்டால் கையில்லாத ஸ்வெட்டர் ஆகும், உள்ளே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், மேலே கோட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றாள். கத்தரியை என்னிடம் நீட்டினாள். தையலைப் பிரிக்கிற வேலை உங்களுடையது என்று அதற்கு அர்த்தம்.

நான் தைத்த தையல் லேசில் விடவில்லை. அவள் போட்ட கை முந்தின நாள் இழுத்த இழுப்புக்கு வந்தது. என்னுடையதில் கத்தரி முனைகூட நுழைய மறுத்தது. எங்கே தையல், எங்கே துணி என்றே தெரியவில்லை. இடது கையால் ஒவ்வொரு இழையாக நெம்பி நெம்பி எடுத்தேன். அவள் இன்னொரு தோளில் கண்ணிகளை எடுத்து, சுருண்டு கிடந்த அதே நூலால் விளிம்பு போட ஆரம்பித்துவிட்டாள். நூல் உருண்டை என் மடியில் இருந்தது. அவள் இழுக்கும்போதெல்லாம் நான் என்னை அறியாமல் நூலைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தடவை பொறுத்தாள்.

"விடுங்கக்கா. தானா வரும்."

விட்டேன். அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனாள். நான் பிரித்து முடித்தபோது கை தனியாக என் மடியில் விழுந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். பழக்கதோஷம். கொஞ்சம்கூட வெளிச்சம் தெரியவில்லை. அதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் ஏறிவிட்டன. வாலு பஸ்ஸுக்குப் பக்கத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். சின்னவள் ஸ்வெட்டரை நீட்டினாள். வாலு கோட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். முன்னால் நீட்டினாள். சின்ன வயசில் செய்கிற மாதிரி காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு சித்தியைக் கட்டிக்கொண்டாள்.

என்னிடம் வரும்போது கொஞ்சம் தயங்கினாள். நான் மன்னிப்புக் கேட்கலாமா, பத்திரமாகப் போய்வா என்று சொல்லலாமா என்று நின்றேன். அதற்குள் அவள் கைகள் என் தோளைச் சுற்றிப் பின்பக்கம்வரை வந்து இறுக்கின. டிரைவர் ஹாரன் அடித்தார்.

பஸ் திரும்பிப் போனதும் காலையில் சீக்கிரம் வேலை என்று சின்னவள் நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் கணவரும் நடந்தோம். குளிர் இறங்கிவிட்டிருந்தது. அவர் அந்தப் பழுப்பு ஸ்வெட்டரின் பைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு வந்தார். பட்டைக்குள் என் விரல்கள் பின்னுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தன. நிறுத்த முடியவில்லை.

"அந்தக் கறுப்பு உங்களுக்கும் இறுக்கமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

ஒரு கடை தாண்டினோம், இன்னொரு கடை தாண்டினோம்.

"கழுத்துல மட்டும்" என்றார்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது. மாட்டிவிட்ட உடனே என் முகத்தையே பாத்துக்கிட்டு நிப்ப."

தெருவிளக்கு வெளிச்சத்தில் அப்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன்.